கறிக்கு ரெண்டு மீன்

வெள்ளிக்கிழமைகளில் யோன் வீட்டில் என்ன கறி என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மெல்பேர்ன் ஓரத்துக் கிரான்பர்னில் புதிதாகக் கட்டுகிற வீடுகள் அவ்வளவு நெருக்கம். ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டுப் பீலியில்தான் விழும். பால்சொதி வாசம் வந்தால் கிளக்கன் மீன். தேங்காய்ப்பூவும் வெங்காயமும் வதங்குகிற வாசம் வந்தால் சுறா வறை. அந்தப் பக்கத்து வெள்ளைக்காரி யன்னலைச் சாத்துவாள், நான் என்னுடையதைத் திறந்து வைப்பேன். சோறு ஆறுவதற்குள் யோனின் மகள் ஜெனோஜா மூடின கிண்ணத்தோடு கதவைத் தட்டுவாள்.

"அங்கிள், திஸ் இஸ் ஃப்ரம் அம்மா. சூட்டோட சாப்பிடட்டாம்."

நான் மெல்பேர்னில் பஸ் ஓட்டி ஓய்ந்தவன், தனிக்கட்டை. எண்பதுகளில் விமானத்தில் வந்தவன் என்பதால் எனக்குப் பாஸ்போர்ட் உண்டு. யோனும் றோசலினும், ஜெனோஜா கைக்குழந்தையாக இருந்தபோது, மன்னார்ப் பேசாலையிலிருந்து படகில் வந்தவர்கள். அவர்களிடம் இருப்பது அகதி மனு முடியும்வரைக்குமான பிரிட்ஜிங் விசா. பாலத்தில் நிற்கிற விசா, அக்கரையும் இல்லை இக்கரையும் இல்லை என்று நான் பகிடி விடுவேன். யோன் சிரிப்பான். றோசலின் சிரிக்க மாட்டாள்.

யோனுக்கு டண்டினோங் பக்கம் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. கம்பூட்சும் றப்பர் ஏப்ரனும் போட்டு, ஐஸ் கொட்டின மேசைக்கு முன்னால் நாள் முழுக்க நின்று மீனின் முள்ளை நீக்கிச் சதையை எடுக்க வேண்டும். கை மரத்துப் போகும். விரலில் கத்தி பட்டால் ஐஸ் சிவந்த பிறகுதான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, "விரல் எல்லாம் இருக்குதோ பாரப்பா," என்று மகளிடம் நீட்டுவான். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு இங்கிலீசில் எண்ணுவாள்.

வெள்ளிக்கிழமை மீன் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அது கறிமீன், சிறி அண்ணை," என்றான். "ஊரில கரைவலை இழுத்து மீனைக் கொட்டினவுடன வலை இழுத்தவன் கறிக்கு ரெண்டு எடுப்பான். சம்மாட்டி பாத்துக்கொண்டுதான் நிப்பார். கேக்கிறேல்லை."

"ஏன் கேக்கிறேல்லை?"

"கேட்டா அவருக்குக் கோவம் வரும். நானென்ன கறிமீனுக்கு மறிக்கிறவனோ எண்டு பேசுவார். ஆனா பெரிய மீனில கை வைக்கப்படாது. சின்னனா ரெண்டு. வித்தாக் களவு, காய்ச்சினாக் கறி. அவ்வளவுதான் சட்டம்."

மன்னார்க் கரையில் வலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். யோன் இங்கேயும் தன் முதலாளி டெனிசைச் சம்மாட்டி என்றுதான் சொல்வான். இங்கேயும் அதே சட்டத்தைத்தான் கைக்கொண்டான். பெரிய ஸ்நாப்பரைத் தொடமாட்டான். பேசாலையில் கிளக்கன் ஏழைகளின் மீன், ஆகவே மரியாதையாக அதில் இரண்டை எடுத்து சாப்பாட்டுப் பெட்டியில் வைப்பான். மெல்பேர்னில் அதுதான் பணக்காரர்களின் மீன் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருமுறை டெனிஸ் கண்டுவிட்டார். யோன் பெட்டியும் கையுமாக விறைத்து நின்றான். கிழவர் ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு அப்பால் போய்விட்டார். அதோடு யோனுக்கு இருந்த கொஞ்சப் பயமும் போய்விட்டது.

அந்த டெனிசின் பரம்பரைக் கதையை நான் முதலில் கேட்டதும் யோன் வீட்டுக் குசினியில்தான். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் வாரம் தொழிற்சாலைப் பார்ட்டி முடிந்து, பியர் வாசத்தோடும் நல்ல புளுகத்தோடும் சிரித்துக்கொண்டு வந்திருந்தான்.

"சிறி அண்ணை, எங்கட சம்மாட்டியின்ர பூட்டன் ஒரு கள்ளன், தெரியுமே?"

"ஆர் சொன்னது?"

"அவரே சொல்றார், அண்ணை! வருசா வருசம் எல்லாரையும் கூப்பிட்டு வைச்சுச் சொல்றார். சாப்பாட்டு அறையில ஒரு கப்பல் படம் பெரிசாக் கொழுவியிருக்கு. அந்தக் கப்பல்லதான் பூட்டனைச் சங்கிலி போட்டுக் கொண்டு வந்தவங்களாம். சாமுவேல் எண்டு பேர்."

"என்ன களவெடுத்தவர்?" என்று றோசலின் கேட்டாள். அவள் தேங்காய்ப்பூவைச் சட்டியில் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"மீன்!" யோன் மேசையில் அடித்துச் சிரித்தான். "எங்கட ஆள்தான் பாரன். இங்கிலாந்தில கடற்கரை ஊர். எங்கட சாளை மாதிரி ஒரு மீனைப் புகையில காய வைக்கிற இடத்தில கூலி வேலை. வீட்டில பிள்ளைக்குக் காய்ச்சலாம். ஒரு கோர்வை மீனைச் சேட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு வந்திருக்கிறார். கங்காணி பிடிச்சுக் குடுத்திட்டான். நீதவான் ஏழு வருசம் எண்டிட்டார்."

"ஒரு கோர்வை மீனுக்கோ?"

"ஓம். முதல்ல ஆத்தில நிக்கிற பழங்கப்பல் ஒண்டுக்குள்ள அடைச்சு வைச்சிருந்தவங்களாம். கால்ல விலங்கு. பிறகு மாசக்கணக்கா கடல். எங்களுக்கு வந்த மாதிரித்தான் அண்ணை, சத்தியெடுக்கிறதும் நாத்தமும். பக்கத்தில படுத்தவன் செத்துக் கிடந்தானாம், அவன்ர பங்குப் பாணையும் வாங்கித் திண்டிட்டுத்தான் ஆள் செத்தது எண்டு சொன்னவராம். சிட்னியில இறக்கி ரோட்டுக்குக் கல்லுடைக்க விட்டிருக்கிறாங்கள். பிறகு ஒரு துரையின்ர ஆடு மேய்ப்பு. எதிர்த்துக் கதைச்சதெண்டு கட்டி வைச்சு அடிச்சவங்களாம், சாகும்வரைக்கும் முதுகு தடிச்சுத்தான் கிடந்ததாம்."

"ஏழு வருசம் முடியத் திரும்பிப் போகேல்லையோ?" என்றேன்.

"விடுதலை எண்டு சொன்னவங்கள், கப்பல் குடுக்கேல்லை. எப்பிடிப் போறது? இங்கால இறங்கி வந்து மீன்பிடிச்சு, தலைச்சுமையா வித்து, ஒரு ஐரிஸ்காரியைக் கட்டி, ஒன்பது பிள்ளை. பிறகு ஒரு வள்ளம், ஒரு கடை. இப்ப அந்தப் பக்ரறி. 'நாங்கள் எல்லாரும் கள்ளன்ர வம்சம்' எண்டு டெனிஸ் கிளாசைத் தூக்கினார், எல்லாரும் கை தட்டினவங்கள். நானும் தட்டினனான். நல்ல மனுசர், அண்ணை. ஒளிச்சு மறைக்கிற குணம் இல்லை."

றோசலின் அடுப்பைத் தணித்தாள். "பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டனீங்கள். அப்ப முதல் பெண்சாதி இருந்திருப்பா தானே? அவவுக்கு என்ன நடந்தது?"

"அது டெனிஸ் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லையோ?"

"பார்ட்டியில அதெல்லாம் கேக்கலாமோ, விசரி," என்று யோன் அகப்பையில் கொஞ்சம் வறையை அள்ளி வாயில் போட்டான்.

அடுத்த வருஷம் டெனிசுக்கு இரண்டு முழங்காலிலும் ஒப்பரேஷன். மகன் கிரெய்க் பொறுப்புக்கு வந்தான். வாசலில் கமரா வந்தது. வேலை முடிந்து போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று வந்தது. யாரோ இரண்டு பேர் சிங்கி இறால்களைப் பெட்டி பெட்டியாகக் கடத்தி விற்றிருக்கிறார்கள், அதைப் பிடிக்கத்தான் இத்தனை கெடுபிடி. அவர்கள் மோப்பம் பிடித்து வேலையை விட்டு ஓடிவிட்டார்கள். யோனுக்கு அது தன்னைப் பற்றிய விஷயம் என்றே படவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வழக்கம்போலப் பெட்டியைத் தானே திறந்து காட்டினான். உள்ளே இரண்டு கிளக்கன், பொலித்தீன் பையில்.

அன்று மாலை அவன் குசினிக் கதிரையில் இருந்து நடந்ததைச் சொன்னபோது ராகவி என்கிற பிள்ளையும் இருந்தாள். படகில் வந்தவர்களின் வழக்குகளை இலவசமாகப் பார்க்கிற இளம் வக்கீல். இங்கேயே, கிளேட்டனில் சட்டம் படித்தவள். நான் ரெலிபோன் அடித்ததும் ஓடி வந்திருந்தாள்.

"கிரெய்க் என்ன கேட்டவர், அங்கிள்? கேட்ட மாதிரியே சொல்லுங்கோ."

"இதுதான் முதல் தரமோ எண்டு கேட்டவர்."

"நீங்கள்?"

"இல்லை எண்டனான்."

ராகவி கண்ணை மூடித் திறந்தாள். "பிறகு?"

"எத்தினை தரம் எண்டவர். ஒவ்வொரு வெள்ளியும் எண்டனான். வேலைக்குச் சேர்ந்த நாளில இருந்து." யோன் கொஞ்சம் யோசித்தான். "ஈஸ்ரருக்கு முதல் தபசு காலத்தில இறைச்சி இல்லைத்தானே, புதன்கிழமையும் எடுத்தனான். அதையும் சொன்னனான்."

"யேசுவே," என்றாள் றோசலின்.

"பொலிஸ் வந்தாப் பிறகு?" என்று ராகவி தொடர்ந்தாள்.

"அவையளுக்கும் அதைத்தான் சொன்னனான். ரெலிபோனில ஒரு தமிழ்ப் பிள்ளை மொழிபெயர்த்தது. பொலிஸ்காரன் நல்லவன், தேத்தண்ணி தந்தவன்."

"அங்கிள், முதல் கேள்விக்கே பேசாம இருந்திருந்தா ஒரு வோர்னிங்கோட போயிருக்கும். இப்ப அது வருசக்கணக்கா நடந்த களவு. கேஸ் போட்டிருக்கினம்."

"பொய் சொல்லவோ, பிள்ளை?"

"பொய் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். அது உங்கட உரிமை."

"ஊரில பொலிஸ் கேக்கேக்க வாயை மூடினவங்களை நான் கண்டிருக்கிறன்," என்றான் யோன். "நீங்கள் காணேல்லை."

யோன் மெதுவாகத் தொடர்ந்தான். "அந்தக் கிரெய்க்கின்ர தலைக்கு மேல கப்பல் படம் இருந்தது, அண்ணை. வருசா வருசம் கை தட்டின கதை. நான் நினைச்சன், இவையளுக்கு இது விளங்கும் எண்டு. முழுசாச் சொன்னா மனுசன் சிரிச்சுப்போட்டு, சரி போ, இனி எடுக்காத எண்டுவார் எண்டு."

"ஃபைன் அடிப்பாங்களோ?" றோசலின் ராகவியைப் பார்த்தாள். "என்னவெண்டாலும் கட்டுவம்."

"கோர்ட் பெரிசா ஒண்டும் செய்யாது, அன்ரி. பிரச்சினை கோர்ட் இல்லை. இந்த விசாவில இருக்கிற ஆள் மேல கேஸ் விழுந்தாலே விசாவை கான்சல் பண்ணலாம். கேஸ் முடியுமட்டும் பாத்துக்கொண்டு இருக்க மாட்டினம்."

ஜெனோஜா வாசற்படியில் பள்ளிக்கூட உடுப்போடு நின்றாள். "ஃபோர் டூ ஃபிஷ்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் சங்கதி பரவிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு வட்சப் போதும். "தவளை தன் வாயால கெட்ட மாதிரி," என்றார் மாதாகோயில் வாசலில் நின்ற அரியரத்தினம், ஏதோ தான் மட்டும் வாய் திறக்காத ஞானி என்பதுபோல. இதுகளால் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர் என்றார் வேறொருவர். அவர் வரி ஏய்ப்பது எனக்குத் தெரியும். நான் வேண்டுமென்றே அவர் பக்கத்தில் போய் நின்று பலமாகச் செருமினேன். எனக்கு அன்று அடிக்கத்தான் கை வந்தது.

திங்கட்கிழமை றோசலினைக் கூட்டிக்கொண்டு டெனிஸ் வீட்டுக்குப் போனேன். கடற்கரைப் பக்கம், ஒரு மணி நேர ஓட்டம். வெறுங்கையோடு போகக் கூடாதென்று அவள் பயற்றம் பணியாரம் சுட்டு எடுத்து வந்திருந்தாள். காற்று காரை ஆட்டியது. வழி முழுக்க அவள் செபமாலை உருட்டினாள்.

டெனிஸ் ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தார். எங்களை இருத்தித் தேநீர் தந்தார். பணியாரத்தில் ஒன்றைக் கடித்து, நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "அவன் ஏன் எல்லாவற்றையும் சொன்னான்? யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை என்றுதானே நான் கண்டும் காணாதமாதிரி இருந்தேன்?"

நான் மொழிபெயர்த்தேன். றோசலின் நிமிர்ந்தாள்.

"இவர் கண்ணைச் சிமிட்டினதை என்ர மனுசன் உத்தரவு எண்டு நினைச்சவர் எண்டு சொல்லுங்கோ, அண்ணை. எங்கட ஊரில சம்மாட்டி பாத்தா அது குடுத்த மாதிரி எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். கிழவர் தேநீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு அன்று இலகுவாக இருந்திருக்கும். கிரெய்க்குக்கு ஏற்கெனவே அந்த இறால் களவோடு தலை வெடித்துக் கிடந்தது, இன்சூரன்ஸ்காரர் எல்லாவற்றையும் பொலிசுக்குச் சொல்லச் சொன்னார்கள், விசா என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது என்றார். முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லிப் பார்த்தாராம். இனி அது பொலிசின் கையில்தான் என்றார்கள். "தெரிந்திருந்தால் விட்டிருப்பான்," என்று இரண்டு முறை சொன்னார்.

எழும்பும்போது றோசலின் நேராக அவரைப் பார்த்துத் தன் இங்கிலீசில் கேட்டாள். "சாமுவேல். ஃபர்ஸ்ட் வைஃப். வாட் ஹப்பன்?"

டெனிஸ் ஊன்றுகோலில் சாய்ந்தார். "இதை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை," என்றார்.

அந்தக் கிழமை முடியுமுன்னே குடிவரவு அதிகாரிகள் வந்துவிட்டார்கள். காலைத் தூற்றல், நல்ல குளிர். யோன் சாரத்தோடு பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தான். வந்தவர்கள் சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து, விசா கான்சல் என்ற கடதாசியை மரியாதையாக வாசித்துக் காட்டி, உடுப்பு மாற்ற நேரம் தந்தார்கள். ஜெனோஜா அப்பாவின் கம்பளிச் சட்டையை எடுத்து வந்து அவர்களிடம் இங்கிலீசில் சொன்னாள், அவருக்குத் தடிமன், தும்மல், ஏற்றிப்போகிற வான் வண்டிக்குள்ளும் இதைக் கழற்ற விட வேண்டாம் என்று. சத்தம் கேட்டு ஓடிப்போன என்னிடம் யோன், "அண்ணை, மேசையில கிடக்கிற கத்தியளைப் பக்ரறியில குடுத்துவிடுங்கோ, அது அவையளின்ர," என்றான். அந்த நேரத்திலும் அவனுக்கு அதுதான் யோசனை.

கோர்ட் ராகவி சொன்னபடியே நடந்தது. நீதவான் அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். தபசு காலத்துப் புதன்கிழமைகளைக் கேட்டபோது அவருக்கு முகம் இளகியது. குற்றத் தீர்ப்புக் கூடப் பதியவில்லை, நன்னடத்தை மட்டும் போதும் என்று விட்டுவிட்டார். வாகனத் தரிப்பிடத்தில் ராகவி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வென்ற வழக்குக்கு வக்கீல் அழுததை அன்றுதான் கண்டேன். கோர்ட் விட்டதால் விசா திரும்பி வரவில்லை. யோன் வந்த வழியே தடுப்பு முகாமுக்குப் போனான்.

சனிக்கிழமைகளில் நான் தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போவேன். சமைத்த சாப்பாடு கொண்டு போக விடமாட்டார்கள். கடையில் வாங்கின பிஸ்கட்டுக்கு நடுவில் நாலு பேரும் இருப்போம். வேலை இல்லாமல் யோனின் கை மென்மையாகிவிட்டது. விரல்களில் இருந்த வெட்டுக் காயங்களெல்லாம் ஆறிவிட்டன. ஜெனோஜா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பாள்.

மேன்முறையீடு வருஷக்கணக்காக இழுபடும் என்றாள் ராகவி, வெல்லும் என்று அவளும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை யோன் சொன்னான், "நான் ஊருக்குப் போறன் எண்டு கையெழுத்து வைச்சிட்டன்."

றோசலின் பிஸ்கட் பையைத் தள்ளி வைத்தாள். "என்னைக் கேக்காம."

"கேட்டா நீ விட மாட்டாய்."

"எல்லாத்தையும் எல்லாருக்கும் சொல்லத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லத் தெரியாது, என்ன?"

"உள்ளுக்க கிடந்து பழுதாப் போறன், றோசலின். நான் போனா உங்கட ரெண்டு பேரின்ர கேசை வேறயாப் பாப்பினமாம். பிள்ளை இஞ்ச வளந்த பிள்ளை. அவளை அனுப்ப மாட்டினம்."

"ஆர் சொன்னது அனுப்ப மாட்டினம் எண்டு?"

அந்தக் கேள்வி இன்றுவரைக்கும் அப்படியே நிற்கிறது.

யோனைக் கொழும்பில் இறக்கி, அங்கே விசாரித்து வெளியே விட்டார்கள். பேசாலையிலிருந்து ரெலிபோன் வரும்போது றோசலின் சத்தத்தைக் கூட்டிவைத்து, எனக்கும் கேட்கும்படி குசினி மேசையில் வைப்பாள். ஒருமுறை, அன்றைக்குக் கரைவலைக்குப் போனதாகச் சொன்னான்.

"மீன் பட்டதோ?" என்றாள் றோசலின்.

"கொஞ்சம். முந்தின மாதிரி இல்லை."

"கறிக்கு எடுத்தனீங்களோ?"

"எடுக்கலாமோ எண்டு சம்மாட்டியிட்டக் கேட்டனான். எல்லாரும் சிரிச்சுப்போட்டாங்கள். அவுஸ்திரேலியாவுக்குப் போய் இதையோ படிச்சுக்கொண்டு வந்தனீ எண்டு கேக்கிறாங்கள்."

ஜெனோஜா எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

நத்தாருக்கு முதல் வெள்ளிக்கிழமை டெனிஸ் வந்தார். இரண்டு கையாலும் ஒரு வெள்ளை றெஜிபோம் ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினார். நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன். விடவில்லை, தானே வாசலில் இறக்கி வைத்து மூடியைத் திறந்தார். ஐசுக்குள் வரிசையாகக் கிளக்கன் மீன்கள், வெள்ளி மாதிரி மினுங்கின.

அவர் றோசலினிடம் சொன்னார், "நீ கேட்டதைத் தேடினேன். என் தங்கை மகள் பழைய பதிவுகளில் பார்த்தாள். சாமுவேலின் முதல் மனைவிக்கு ஹன்னா என்று பெயர். அந்தப் பெயர் மட்டும்தான் கிடைத்தது. கப்பல் போன பிறகு அவளைப் பற்றி ஒன்றும் இல்லை. குழந்தையைப் பற்றியும் இல்லை."

நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை றோசலின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஹன்னா," என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். குனிந்து மூடியைப் போட்டு, இரண்டு பக்கமும் அழுத்தினாள்.

"பில்?" என்றாள்.

டெனிசுக்கு விளங்கவில்லை. இது பரிசு என்றார், நத்தாருக்கு என்றார்.

"நோ பில், நோ ஃபிஷ்."

கிழவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. உள்ளேயிருந்து ஜெனோஜாதான் தெளிவான இங்கிலீசில் சொன்னாள், "அம்மா ரசீது கேட்கிறா. ரசீது இல்லாவிட்டால் அது களவு."

டெனிஸ் அழுதார். எண்பது வயதுக்காரர் அப்படி நின்று அழுவதைப் பார்க்கக் கூடாது. றோசலினுக்கும் கண்ணீர் வந்தது, ஆனாலும் நிலையை விட்டுக் கையை எடுக்கவில்லை. கடைசியில் நானும் அவருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் காருக்குள் வைத்தோம். ஐஸ் தண்ணீர் நடைபாதை முழுக்கச் சொட்டியது.

அன்று மத்தியானம் ஜெனோஜா கிண்ணத்தோடு வந்தாள். பருப்புக் கறி.